ஆயிரம் வீச்சு மீன்!

ஸ்டீல்ஹெட் என்று கேட்டால் ஏதோ ஹெல்மெட் கம்பெனி என்று தோன்றும். இல்லை ஸார், மீன்! பசிபிக் சமுத்திரத்திலிருந்து கனடாவின் மேற்குக்கரை ஆறுகளில் ஏறி வருகிற மீன். தலையும் முதுகும் பாலிஷ் போட்ட எஃகு மாதிரி நீலச் சாம்பலில் மின்னும். அதனால் அந்தப் பெயர்.

உள்ளூரில் இதற்கு இன்னொரு பட்டப்பெயர் உண்டு: 'ஆயிரம் வீச்சு மீன்.' ஆயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒன்று மாட்டுமாம். இதைக் கேட்ட பிறகும், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை விரல் விறைக்கிற குளிரில், தொடையளவு தண்ணீரில், வக்கீல், பிளம்பர், பாங்க் கிளார்க் என்று சகல ஜனங்களும் வரிசையாக நின்று வீசுகிறார்கள். லீவு போட்டுவிட்டு வேறு!

சென்ற பிப்ரவரியில் அந்த வரிசையில் நானும் நின்றேன். அக்கா வீடு வான்கூவரை ஒட்டிய ஸர்ரேயில். அங்கே பதினைந்து நாள் விருந்தாளி. அத்தானுக்கு வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு மீன். "மாப்ளே, நீ தாமிரவருணியில தூண்டில் போட்டவன்தானே? வா, நிஜ மீனைக் காட்டுறேன்" என்றார்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தூண்டில் என்பது ஒரு மூங்கில் கழி, நாலு முழம் நரம்பு, ஒரு மயிலிறகுத் தண்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. மொத்த பட்ஜெட் இரண்டு ரூபாய். கெண்டையும் கெளுத்தியும் அதற்கே வரும். அத்தான் கராஜைத் திறந்து காட்டியதும், அந்த இரண்டு ரூபாயை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துபாய் போன தம்பி

மீனைப் பற்றி முதலில் ரெண்டு வார்த்தை. ஸ்டீல்ஹெட் தனி ஜாதி இல்லை. நம்ம ஊட்டி மலை ஓடைகளில் இருக்கிறதே ரெயின்போ டிரவுட், அதேதான். 1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்துவிட்ட அதே இனம்.

ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கிவிடும். அது ரெயின்போ டிரவுட். சில, ஒன்று முதல் மூன்று வருஷம் ஆற்றில் வளர்ந்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அங்கே ஒன்றிரண்டு வருஷம், சில சமயம் மூன்று வருஷம், வயிறாரத் தின்று, பிறந்த ஆற்றின் வாசனையை மோப்பம் பிடித்துத் திரும்பி வரும். அது ஸ்டீல்ஹெட். ஒரே வீட்டில் அண்ணன் உள்ளூரில் வி.ஏ.ஓ., தம்பி துபாய் ரிட்டர்ன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தம்பிதான் ஆளும் பெரிசு, மினுமினுப்பும் அதிகம். மூன்று கிலோவிலிருந்து ஐந்து கிலோ சாதாரணம். ஒன்பது கிலோவைத் தாண்டுகிறதும் உண்டு.

பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் அப்படியில்லை. முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வருகிறவை உண்டு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் முடிச்சுப் போட்டு வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நூல் புராணம்

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் தூண்டில் சாமான் கடைக்குப் போனோம். நம்ம ஊர் நகைக்கடை தோற்றது! நூலுக்கு மட்டும் ஒரு சுவர். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, நிறமே இல்லாதது என்று சுருள் சுருளாக. ஒவ்வொன்றிலும் 4 பவுண்டு, 10 பவுண்டு, 30 பவுண்டு என்று போட்டிருந்தது.

"என்ன அத்தான், நூலு இவ்வளவு கனமா?"

"கனம் இல்ல மாப்ளே. எவ்வளவு இழுப்புக்கு அறும்ங்கிற கணக்கு. 10 பவுண்டுன்னா நாலரைக் கிலோ இழுப்பு."

"ஐந்து கிலோ மீனுக்கு நாலரைக் கிலோ நூலா? அறுந்துடாதா?"

அத்தானுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. கடை என்றும் பாராமல் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்குள் மீனுக்கு எடையே கிடையாது. அது இழுக்கிற இழுப்புதான் கணக்கு. அந்த இழுப்பையும் முழுசாக நூல் தாங்குவதில்லை. திடீர் வெட்டுக்களை ராடு வளைந்து வாங்கிக்கொள்ளும். ரீலில் டிராக் என்று ஒரு பிரேக் இருக்கிறது. மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் ரீல் தானே சுற்றி நூலை விட்டுக்கொடுக்கும். அந்த அளவை நூல் பலத்தில் காலிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 10 பவுண்டு நூலானால் இரண்டரை, மூன்று பவுண்டு. சந்தேகமிருந்தால் நூல் நுனியில் கைத்தராசைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம். அத்தான் அதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்.

நூல் மூன்று ஜாதி. முதலாவது நைலான். மோனோ என்பார்கள். நம்ம கடற்கரைப் பக்கம் தங்கூசி என்கிறோமே, அது. 1938-இல் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. முதலில் பல் தேய்க்கிற பிரஷ், பிறகு பெண்களின் காலுறை, அதோடு தூண்டில் நூல். விலை மலிவு. முடிச்சு நன்றாக நிற்கும். ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். அதனால் புது ஆள் பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தாலும் மன்னித்துவிடும். வெயிலில் கிடந்தால் மட்டும் பலம் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது பிரெய்ட். செயற்கை இழைகளைப் பெண்பிள்ளைக்குச் சடை போடுகிற மாதிரி பின்னியது. 30 பவுண்டு பிரெய்ட், 8 பவுண்டு நைலான் பருமன்தான் இருக்கும். தண்ணீரில் மிதக்கும். நீளவே நீளாது. மீன் மூச்சுவிட்டாலும் கையில் தெரியும். நாம் பதறினாலும் மீனுக்குத் தெரியும்! கடுங்குளிரில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து, ராடு வளையங்களில் ஐஸ் கட்டிவிடும்.

மூன்றாவது ஃப்ளூரோகார்பன். ஒளி வளைகிற கணக்கில் தண்ணீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். தண்ணீரை நெருங்க நெருங்கக் கண்ணுக்குத் தெரியாது. பாறையில் உரசினாலும் சீக்கிரம் பிய்யாது. முழுகும். விலை? அதையும் சீக்கிரம் பார்க்காதீர்கள்.

"நீ புது ஆள். ரீலுக்கு 15 பவுண்டு நைலான். நுனியில ஒன்றரை, ரெண்டு அடிக்கு 10 பவுண்டு ஃப்ளூரோ. அந்த நுனிக்குப் பேரு லீடர். முடிஞ்சது கதை."

"லீடர்ங்கிறீங்க, அது மட்டும் ஏன் நோஞ்சான்?"

"வீட்டுல ஃப்யூஸ் எதுக்கு வைக்கிறோம்? ஆத்துக்கு அடியில பாறை, மரக்கட்டை எல்லாம் இருக்கு. முள் சிக்கினா எங்கேயாவது அறுந்துதான் ஆகணும். ரீல் பக்கம் அறுந்தா தக்கை, ஈயம், அம்பது அடி நூல் எல்லாம் ஆத்தோட போகும். அந்த நூல்ல பறவை, மீன் எல்லாம் மாட்டும். லீடர் அறுந்தா ஒரு முள்ளோட போச்சு."

"அப்போ இன்னும் மெலிசா, 4 பவுண்டு போட்டா மீன் கண்ணுக்கே தெரியாதே?"

அத்தான் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "அதை நாளைக்கு ஆத்துல சொல்றேன்."

ராத்திரி அக்கா தோசை வார்க்க, டைனிங் டேபிளில் முடிச்சுப் பயிற்சி. முள்ளின் காதுக்குள் நூலை விட்டு, நீண்ட நூலைச் சுற்றி ஐந்து சுற்று. நுனியைக் காதை ஒட்டிய சின்னக் கண்ணிக்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து, மெல்ல இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உரசுகிற சூட்டில் நூல் பலம் போய்விடும்.

"டப்பாவுல 10 பவுண்டுன்னு இருக்கும் மாப்ளே. முடிச்சு மோசமா இருந்தா கைக்கு வர்றது ஆறு பவுண்டுதான். சம்பளச் சீட்டுல மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை இருக்குமே, அது மாதிரி."

அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஏரி இருந்த இடம்

மறுநாள் அதிகாலை ஐந்தரைக்குக் கார் கிளம்பியது. தெர்மாஸில் டீ, டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அக்கா வாசலில் நின்று, "மசாலா அரைச்சு வைக்கட்டுமா?" என்றாள். அத்தான் பதில் சொல்லாமல் கியரைப் போட்டார்.

டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் அபட்ஸ்ஃபோர்டு. பஞ்சாபிகளின் ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் பெர்ரித் தோட்டங்கள். 1911-இல் எழுப்பிய குருத்வாரா ஒன்று இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அதைத் தாண்டியதும் மேஜை மாதிரி சமதளம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் மாட்டுப் பண்ணைகள்.

"இது பூராவும் ஏரி" என்றார் அத்தான்.

சூமாஸ் ஏரி. வெட்டர் ஆறு அந்தக் காலத்தில் இதில்தான் வந்து விழும். 1920-களில் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பி, பம்ப் வைத்து ஏரியை வற்றடித்து விளைநிலமாக்கினார்கள். ஏரி அதை மறக்கவில்லை. 2021 நவம்பரில் பேய்மழை பெய்தபோது பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது! பண்ணை, வீடு, நாங்கள் போய்க்கொண்டிருந்த இதே நெடுஞ்சாலை எல்லாம் தண்ணீருக்குள். வேளச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் சில்லிவாக். வான்கூவரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். மலை மேலே சில்லிவாக் ஏரி வழியாக வருகிற ஆற்றுக்குப் பெயரும் சில்லிவாக். வெட்டர் கிராஸிங் என்ற பாலத்தைத் தாண்டியதும் அதுவே வெட்டர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுகிற மாதிரி! அப்புறம் அந்தக் கால்வாய் வழியாக ஃபிரேசர் என்ற பெரிய ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது.

கரையோரம் ஜனங்கள் நடக்கத் தனிப் பாதை. மழைக்கோட்டு போட்ட நாய்களைக் கூட்டிக்கொண்டு மழைக்கோட்டு போட்ட பெரியவர்கள். இலை உதிர்ந்த மரங்கள், அதற்குப் பின்னால் பனித்தொப்பி போட்ட மலைகள். கிளைகளில் வெள்ளைத் தலைக் கழுகுகள், ஆபீசில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர்கள் மாதிரி சும்மா உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. குளிர் மூன்று டிகிரி. தூறல்.

தக்கை சொல்லும் ஜோசியம்

நெஞ்சு வரை வருகிற ரப்பர் டிரவுசரை மாட்டி, இடுப்பில் பெல்ட்டை இறுக்கினார் அத்தான். பெல்ட் ஸ்டைலுக்கு இல்லை. வழுக்கி விழுந்தால் டிரவுசருக்குள் தண்ணீர் ரொம்பாமல் இருக்க. ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகுதான் அடுத்த கால். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் எனக்குக் குலதெய்வத்தின் முழுப்பெயரும் ஞாபகம் வந்தது.

ஸ்டீல்ஹெட் பிடிக்கப் பல வழி இருக்கிறது. தகரக் கரண்டி மாதிரி பளபளக்கிற ஸ்பூனைச் சுண்டி இழுப்பது ஒன்று. இறகில் கட்டின பொய்ப் பூச்சியை நீளமான ராடில் வீசுவது இன்னொன்று. அது பரதநாட்டியம் மாதிரி, அரங்கேற்றத்துக்கு வருஷமாகும். புது ஆளுக்கு லாயக்கு தக்கைதான்.

அடுக்கு இப்படி: மேலே நூலில் தக்கை. கீழே ஈயக்குண்டு. அதன் கீழே சுழல்கிற சின்ன வளையம். வளையத்தில் லீடர். நுனியில் ஒற்றை முள். முள்ளில் எதிர்முள் இருக்கவே கூடாது. அங்கே ஆற்றுக்கு அது சட்டம். இரை, பதப்படுத்திய சால்மன் சினை. அது இல்லாவிட்டால் ரோஸ் கலர் பிளாஸ்டிக் புழு. ரோஸ் கலர் புழுவை எந்த மீனும் கண்டிருக்காது. ஆனாலும் கடிக்கிறது. முட்டையிட ஏறி வரும் மீனுக்குப் பெரிதாகப் பசி கிடையாது. எரிச்சலா, ஆர்வமா, பழக்கதோஷமா, மீனுக்குத்தான் வெளிச்சம்.

எங்கே வீசுவது? அத்தான் ஆற்றைக் கைரேகை மாதிரி படித்தார். நுரைத்துப் பாய்கிற இடம் வேண்டாம், மீனுக்குக் கால் வலிக்கும். தேங்கி நிற்கிற இடமும் வேண்டாம். மனுஷன் நடக்கிற வேகத்தில் தண்ணீர் ஓடணும். ஆழம் நாலிலிருந்து எட்டு அடி. நிறம் கலங்கின பச்சை. வேகத் தண்ணீரும் மெதுத் தண்ணீரும் உரசுகிற கோடு தெரிகிறதா? பெரிய பாறைக்குப் பின்பக்கம் தெரிகிறதா? அங்கேதான் துரை ஓய்வெடுப்பார்.

இரை, தரைக்கு ஓர் அடி, ஒன்றரை அடி மேலே போக வேண்டும். தரை கண்ணுக்குத் தெரியாதே? அதற்குத்தான் தக்கை. தக்கையின் தலை, தண்ணீர் போகிற பக்கம் சாய்ந்தால் இரை தரையில் இழுபடுகிறது என்று அர்த்தம். ஆழத்தைக் குறைக்க வேண்டும். நேராக நின்று ஓடினால் சரி. கொஞ்சம் மேல்பக்கம் வீசி, நம்மைத் தாண்டிக் கீழே போகும் வரை தன் போக்கில் ஓடவிட வேண்டும். நடுவில் நூல் வில்லாக வளைந்து தக்கையை இழுத்தால், ராடைத் தூக்கி நூலை மட்டும் எடுத்து மேல்பக்கம் போட்டுவிட வேண்டும். முதலில் கிட்டே, அப்புறம் எட்டே. பிறகு இரண்டு எட்டு கீழே தள்ளி மறுபடியும் அதே கதை.

தக்கை தயங்கினாலும், நின்றாலும், முழுகினாலும் உடனே ராடைத் தூக்கு. பத்தில் ஒன்பது தடவை பாறைதான். பரவாயில்லை, தூக்கு. பாறையில் சிக்கி வந்த பிறகு லீடரை விரலிடுக்கில் விட்டு உருவிப் பார். சொரசொரவென்றால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டு.

நம் ரேஷன் கடையில் இல்லாத ஒழுங்கு ஒன்றும் அங்கே பார்த்தேன். ஏற்கெனவே ஒருவர் வீசிக்கொண்டிருந்தால் அவருக்குக் கீழே போய் நிற்கக் கூடாது. மேலே போய் நின்று, பின்தொடர்ந்து இறங்க வேண்டும். மீறினால் அடி விழாது. ஆனால் பத்து பேர் ஒன்றும் பேசாமல் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அடியே மேல்.

நாலு பவுண்டுக்காரர்

நான் வீச்சுக்களை எண்ணிக்கொண்டு வந்தேன். தொழில் புத்தி. 112-ஆவது வீச்சின்போது எங்களுக்கு மேலே நின்ற இளைஞர் 'ஹோ' என்று கத்தினார். ராடு பூராவும் வளைந்து நிற்க, ஆற்று நடுவில் ஒரு வெள்ளிக் கட்டி எகிறிக் குதித்தது. முறைப்படி எல்லோரும் நூலைச் சுருட்டி வழிவிட்டார்கள்.

ஐந்து நிமிஷம். பத்து. இருபது. மீன் கிட்டே வரும், பாயும். வரும், பாயும். அவரால் அழுத்தி இழுக்க முடியவில்லை. "லீடர் எத்தனை?" என்று யாரோ கேட்டார்கள். "நாலு பவுண்டு!" என்றார், பெருமையாக. மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பது வீரம் என்று சில பேருக்கு நினைப்பு. அத்தான் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மீன் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே வந்தது. முதுகில், வாலுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு துடுப்பு.

அந்தத் துடுப்புதான் அங்கே ரேஷன் கார்டு. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார்கள். துடுப்பு இல்லையென்றால் கணக்குக்கு உட்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். லைசென்ஸில் உடனே பதிவு பண்ண வேண்டும். துடுப்பு இருந்தால் ஆற்றிலேயே பிறந்த மீன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுக்க அதை விட்டே ஆக வேண்டும்.

அந்த இளைஞர் முள்ளைக் கழற்றி விட்டார். மீன் போகவில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. அத்தான் கேட்காமலே தண்ணீரில் இறங்கிப்போனார். வாலடியை ஒரு கையாலும் வயிற்றை மறுகையாலும் தாங்கி, வாய் ஓட்டத்தை எதிர்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கை வரை பனித்தண்ணீர். யாரும் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். செவுள் திறந்து மூட ஆரம்பித்தது. வால் ஒரு தடவை அசைந்தது. மெதுவாக, வயசானவர் படியிறங்குகிற மாதிரி, பச்சைத் தண்ணீருக்குள் போயிற்று.

"பொழைச்சுக்கும் இல்ல அத்தான்?"

கையைக் கக்கத்தில் வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியாது மாப்ளே. நீந்திப் போறது வேற, பொழைக்கிறது வேற. அத்தனை நேரம் ஓடினா உடம்பு பூராவும் அமிலம் ஏறிடும். சிலது ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுக்கூடச் செத்துப்போகும். நேத்து கடையில கேட்டியே, 4 பவுண்டு போட்டா என்னன்னு. இதுதான்."

இட்லி சாப்பிடும்போது மீதியையும் சொன்னார். ஃபிரேசர் ஆற்றில் உள்ளே போனால் தாம்ஸன் என்ற கிளையாறு வரும். ஸ்டீல்ஹெட்டுக்கு உலகப் புகழ் பெற்ற ஆறு. 2018-இல், அழிந்துவரும் உயிரினங்களை மதிப்பிடுகிற கனடாவின் விஞ்ஞானிகள் குழு, தாம்ஸன் ஸ்டீல்ஹெட் அழியும் அபாயத்தில் இருப்பதாக அவசர அறிக்கை கொடுத்தது. அப்போது முட்டையிட வந்ததாக மதிப்பிட்ட மீன்கள் 200-க்கும் கீழே. ஆயிரக்கணக்கில் வந்த ஆறு! கடலில் பிழைப்பது குறைந்துவிட்டது. சால்மனுக்குப் போட்ட வலையில் இதுவும் மாட்டுகிறது. ஒரு ஆபீசின் மொத்த ஸ்டாஃபே 200 பேர் என்றால், அதில் ஒருத்தர் போவது சின்ன விஷயமா?

வெட்டர் அவ்வளவு மோசமில்லை. மலைப்பக்கம் பொரிப்பகம் இருக்கிறது. அதற்கும் தாய் மீன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆற்றில் பிறந்த மீனைத் தூண்டிலில் பிடித்து, குழாயில் போட்டு, உயிரோடு கொடுக்கிறார்கள் சில தூண்டில்காரர்கள். தூண்டில் அங்கே மீனைக் கொல்லவும் செய்கிறது, பிறக்க வைக்கவும் செய்கிறது. எது என்று தீர்மானிக்கிறது லீடரின் பருமனும், அதைப் பிடித்திருக்கிற கையும்.

187

மத்தியானம் இரண்டரை. 187-ஆவது வீச்சு. தக்கை பாறைக்குப் பின்னால் போய்த் தயங்கியது. இன்னொரு பாறை என்று நினைத்துக்கொண்டேதான் ராடைத் தூக்கினேன். பாறை புறப்பட்டுப் போயிற்று!

ரீல் போட்ட சத்தம், பழைய லாம்பிரெட்டா ஸ்டார்ட் ஆகிற மாதிரி. நூல் போய்க்கொண்டே இருந்தது. "சுத்தாதே! ஓடுறப்ப சுத்தாதே! ஓடட்டும்!" அத்தான் கத்துகிறார். "நின்னாச்சு, இப்ப சுத்து! ராடை மேலே வேண்டாம், பக்கவாட்டுல சாய்! அழுத்து, 10 பவுண்டு தாங்கும், பயப்படாதே!"

பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் மீனின் தலை திரும்புகிறது. தலை திரும்பினால் உடம்பும் திரும்பித்தான் ஆக வேண்டும். அழுத்துவது, இறக்கும்போது சுற்றுவது, மறுபடி அழுத்துவது. எனக்கு முழங்கால் நடுங்கியது. குளிரா பயமா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. இரண்டு தடவை பாய்ந்தது, ஒரு தடவை குதித்தது. ஏழாவது நிமிஷம் முழங்காலளவுத் தண்ணீருக்கு வந்துவிட்டது, இன்னும் உதறிக்கொண்டு, முழு உயிரோடு.

அத்தான் கையை நனைத்துக்கொண்டு வாலைப் பிடித்தார். காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு உரிந்து நோய் வந்துவிடும். தண்ணீரை விட்டு வெளியே தூக்கவேயில்லை. அப்படியே குனிந்து பார்த்தேன். நாலு கிலோ இருக்கும். எஃகு நிற முதுகு, சுண்ணாம்பு வெள்ளை வயிறு, பக்கத்தில் லேசாக ஒரு ரோஸ் தீற்றல்.

முதுகில் அந்தக் குட்டித் துடுப்பு.

என்ன சொல்வது? ஒரு விநாடி அக்கா அரைத்து வைத்திருக்கிற மசாலா ஞாபகம் வந்தது. மறு விநாடி காலையில் மிதந்த வெள்ளை வயிறு. எதிர்முள் இல்லாத முள் அரை நொடியில் வழுக்கி வந்தது. அத்தான் கையைத் தளர்த்தினார். தாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. என் முகத்தில் பளாரென்று தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், கடலைப் பார்த்துவிட்டு மறுபடியும் இதே ஆற்றுக்கு வந்தாலும் வரும்.

கனடா, அமெரிக்கா பக்கம் ஆபீஸ் அனுப்பி, சனிக்கிழமை சும்மா இருக்கிற தம்பிமார்களுக்கு: லைசென்ஸை ஆன்லைனில் வாங்குங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீல்ஹெட்டுக்குத் தனியாக ஒரு கட்டணமும் உண்டு. ஆற்றுக்கு ஆறு சட்டம் வேறு, வருஷா வருஷம் மாறும். கிளம்புமுன் படியுங்கள். எட்டரை, ஒன்பது அடி ராடு, நூற்றைம்பது கஜம் நூல் பிடிக்கிற ரீல், 15 பவுண்டு நைலான், 10 பவுண்டு லீடர். பாறையில் அறுகிற அளவு மெலிசு, மீனைச் சாகடிக்காமல் சீக்கிரம் கரை சேர்க்கிற அளவு கெட்டி. நூலில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனதும் அக்கா என் கையைப் பார்த்தாள், அத்தான் கையைப் பார்த்தாள், கார் டிக்கியையும் திறந்து பார்த்தாள். "அப்போ பிடிச்ச மீனை நீங்களே திரும்ப விட்டுட்டீங்க. அதுக்கு டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம், பெட்ரோல், லைசென்ஸ்?" என்றாள். அன்று ராத்திரி அந்த மசாலா கத்தரிக்காய்க்குப் போயிற்று. அருமையாகத்தான் இருந்தது.

கணக்குப்படி ஆயிரம் வீச்சில் 187 போக, 813 பாக்கி. அதை வெட்டர் ஆற்றிலேயே என் பெயரில் வரவு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.